இரண்டு கதவு மைனரும் நான்கு கதவு பியட்டும்

நீங்கள் மேடையில் ஏறிப் பொய் சொன்னீர்கள். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில், பழைய கார்கள் கூடிய கூட்டத்தில், கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். அதனால் நானும் அத்தனை பேர் படிக்கும்படிதான் எழுதுகிறேன்.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. படாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வந்து பெரிய வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கரும்பு போட்ட நிலமெல்லாம் மனைக்கட்டாகிவிட்டது. நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் மோரிஸ் மைனர் காரைப் பளபளவென்று வைத்திருக்கிறீர்கள். நான் அதே ஊரின் காலனியில் பிறந்தவள். இப்போது திருப்போரூரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். என் அப்பாவின் பியட் 1100 இன்னும் எங்களிடம் இருக்கிறது, ஓடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு அப்பாவை உட்கார வைத்து அதை ஓட்டிக்கொண்டு வந்தது நான்தான். டாக்சியாக ஓடிய வண்டி என்று சொல்லி எங்களை ஜெனரேட்டர் பக்கம் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். அதற்காக நான் எழுதவில்லை.

உங்கள் வண்டி மேடைக்கு நேர் எதிரே நின்றது. நீங்கள் மைக்கில் சொன்னது இது: "எங்க ஊர்ல அப்ப ஆம்புலன்ஸ்லாம் கிடையாது. பிரசவ வலின்னா இந்த பிளஷர்தான். ஊரு, காலனின்னு பாக்காம எத்தினியோ பொண்ணுங்கள எங்கப்பா இந்த பிளஷர்ல ஏத்தி செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சேத்தாரு."

எல்லாரும் கை தட்டினார்கள். என் அப்பாவும் தட்டினார்.

அவருக்குக் காது மந்தம். பேச்சு முழுதும் கேட்காது. ஒன்றிரண்டு சொல் கேட்கும், மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். அன்று அவர் காதில் விழுந்தவை 'பிளஷர்', 'பிரசவம்', 'செங்கல்பட்டு ஆஸ்பத்திரி'. அவர் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கைத்தடியை ஊன்றி மேடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் தண்ணீர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் அவர் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

பனியன் போட்ட பையன் ஒருவன், ஏற்பாட்டாளர்களின் ஆள், மறித்தான்.

"பெருசு, எங்க போய்கினு கீற? ஒக்காரு, ஒக்காரு."

"கூப்புட்றாங்க தம்பி. என் வண்டியத்தான் சொல்றாங்க."

"உன் வண்டியா? ஜெனரேட்டராண்ட கீதே டாக்சி, அதானே உன்னுது? சார் அவரு வண்டியப் பத்திப் பேசிகினு கீறாரு பெருசு. போ, போய்க் காத்தாட ஒக்காரு."

பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் என்னிடம், "நீயும் வாம்மா, நம்மளத்தான் சொல்றான். நம்ம பிளஷரத்தான் சொல்றான்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரைத் திருப்பி அழைத்து வந்தேன்.

பிறகு உங்களைத் தேடி வந்தேன். உங்கள் வண்டியின் முன்சக்கரத்துக்கு மேல் கை வைத்துக்கொண்டு நண்பர்களோடு நின்றிருந்தீர்கள்.

"சார், உங்க வண்டி காலனிக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீ யாரும்மா?"

"பியட்டுக்காரர் பொண்ணு."

"ஓ, காலனியா? உங்கப்பா எங்க கழனில வேலை செஞ்சவருதானே?"

"அது எங்க தாத்தா. எங்கப்பா லாரி ஓட்டினாரு, அப்புறம் பியட்டு ஓட்டினாரு. பிரசவத்துக்குப் போனது அந்த பியட்டு."

"சரி, இப்ப இன்னா அதுக்கு? உங்க பியட்டும் போயிருக்கும், எங்க மைனரும் போயிருக்கும். ரெண்டும் பிளஷர்தானம்மா. எதுல போனா இன்னா, புள்ள பொறந்துச்சுல்ல?"

உங்கள் நண்பர் உங்கள் தோளைத் தட்டி, "வா மச்சான், போட்டோவுக்குக் கூப்புட்றான்" என்றார். போய்விட்டீர்கள்.

ரெண்டும் பிளஷர்தான். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாடகைக்கு ஓடாமல் வீட்டுக்கென்று வைத்திருக்கும் சின்ன காரை அந்தக் காலத்தில் பிளஷர் என்பார்கள். ஊருக்குள் ஒரே ஒரு பிளஷர்தான், அது உங்கள் வீட்டு மோரிஸ். எங்கள் பியட் ஊராருக்கு டாக்சி. ஆனால் எங்கள் காலனியில் பிளஷர் என்றால் எங்கள் பியட். உங்கள் வண்டிக்கு நாங்கள் வைத்த பேர் மைனரு. அது வண்டியின் பேர்தான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வேலை வெட்டி இல்லாமல் திரிகிறவனுக்கும் அதுதான் பேர். காலனியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிளஷர் என்ற ஒரே சொல் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் வேறு வண்டி. உங்களுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

சரி, இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசுவோம். இரண்டும் ஐரோப்பாவில் பிறந்தவை. உங்களுடையது இங்கிலாந்து, எங்களுடையது இத்தாலி. இரண்டும் சின்ன வண்டிகள். உங்கள் வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஓட்டத் தெரிந்தவள் நான், பொறாமையில் பேச மாட்டேன். மோரிஸின் ஸ்டியரிங் தங்கம். கரும்பு லாரிகள் பள்ளமாக்கிய எங்கள் ஊர் வளைவில் அது சாலையைப் பிடித்துக்கொண்டு திரும்பும். கியர் தரையில் இருக்கும், சுத்தமாக விழும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகைக்குழாயில் ஒரு புர்புர் சத்தம் வரும். அதைக் கேட்டே உங்கள் அப்பா வருகிறார் என்று கழனியில் இருந்தவர்கள் நிமிர்வார்கள். உருண்டையான அழகு அதற்கு உண்டு. பக்கத்தில் நிறுத்தினால் எங்கள் பியட் தகர டப்பா மாதிரிதான் தெரியும்.

எங்கள் பியட்டின் கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. சில சமயம் சிக்கிக்கொள்ளும். இறங்கி, மூடியைத் திறந்து, கம்பியைத் தட்டிவிட்டு வர வேண்டும். கத்திரி வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி நின்றுபோகும். ஈரத்துணி போட்டு ஆற்ற வேண்டும். அம்மாவின் கிழிந்த புடவைகளெல்லாம் அந்தப் பம்பின் மேல்தான் போயின. ஆனால் கியர் மேலே இருப்பதால் முன்னால் ஒரே நீள சீட்டு, மூன்று பேர் உட்காரலாம். பின்னால் இன்னொரு நீள சீட்டு, ஒரு பெண் முழங்காலை மடக்கிப் படுக்கலாம். பின்சீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. ஆக நான்கு கதவு.

உங்கள் வண்டிக்கு இரண்டே கதவு. மோரிஸில் நான்கு கதவு வைத்ததும் உண்டு. உங்கள் வீட்டில் வாங்கியது இரண்டு கதவு. பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி, குனிந்து, பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

இதை எனக்குக் காட்டியவர் உங்கள் அப்பா.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்திரை மாதம், உச்சி வெயில். மருத்துவம் பார்க்கும் ஆயா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "கொழந்த குறுக்க கீது. என்னால ஆவாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா" என்றாள். அப்பா லாரிக்குப் போகாமல் இருந்த நாள் அது. பெரிய வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

மோரிஸ் கொட்டகையில் நின்றது. உங்கள் அப்பா வெளியே வந்தார். என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆண்டே, தங்கச்சிக்கு நோவு. கொழந்த குறுக்க நிக்குதாம். வண்டியக் குடுங்க, நானே ஓட்டிகினு போறேன். கழுவிக் குடுத்துட்றேன்."

கழுவிக் கொடுத்துவிடுகிறேன் என்று, உங்கள் அப்பா கேட்கும் முன்னமே என் அப்பா சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

உங்கள் அப்பா கத்தவில்லை, திட்டவில்லை. நிதானமாக நடந்து போய் வண்டியின் கதவைத் திறந்தார். முன்சீட்டை மடக்கினார். "பாருடா. ரெண்டு கதவு வண்டி. வவுத்துப்புள்ளக்காரிய இந்த சந்துல எப்பிடி நொழைப்ப? பாதி வழில மாட்டிக்கினா யாரு பதில் சொல்றது? போ, ரோட்டாண்ட தூக்கிகினு போ, லாரி எதுனா வரும்" என்றார்.

அவர் மடக்கிக் காட்டிய அந்தச் சந்தின் வழியாக நான் உள்ளே பார்த்தேன். பின்சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் வயதும் என் வயதுதான். கையில் பாதி கடித்த முறுக்கு. என்னைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

முன்சீட்டிலேயே உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கலாம். அதை என் அப்பாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் அப்பாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த வீட்டு வண்டியின் முன்சீட்டில் எங்கள் வீட்டுப் பெண் உட்காருவது என்பது அன்று யார் புத்திக்கும் எட்டாத விஷயம்.

அத்தையைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் தூக்கினார்கள். ஆலைக்குக் கரும்பு இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று நின்றது. கரும்புச் சோகை ஒட்டிய அந்த லாரியின் பின்பலகையில் கட்டிலோடு ஏற்றினார்கள். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது அவள் சத்தம் நின்றுவிட்டது. குழந்தையும் இல்லை.

அதற்குப் பிறகு அப்பா வாங்கியதுதான் பியட். செங்கல்பட்டில் பழைய டாக்சி ஒன்று விலைக்கு வந்தது. அவர் பார்க்கப் போனபோது எஞ்சினைத் திறக்கவில்லை, டயரைத் தட்டவில்லை. நான்கு கதவையும் திறந்து வைத்தார். கூட வந்த அம்மாவைப் பார்த்து, "ஏறிப் படு" என்றார். அம்மா வெட்கப்பட்டாள். "படுடீ" என்றார். அம்மா பின்சீட்டில் படுத்தாள். அவர் இந்தப் பக்கக் கதவு வழியே பார்த்தார், சுற்றிப் போய் அந்தப் பக்கக் கதவு வழியே பார்த்தார். பட்டறை மெக்கானிக் கேட்டாராம், "இன்னா அண்ணாத்த, வண்டி வாங்க வந்தியா, கட்டில் வாங்க வந்தியா?" அம்மா சாகும்வரை இதைச் சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரித்ததில்லை.

பிழைப்புக்கு அதைச் சவாரி ஓட்டினார். மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் காலனியில் ஒருத்திக்கு நோவு என்றால் சவாரியை நடுவழியில் விட்டுவிட்டு வருவார். முன்னால் அவர், பக்கத்தில் ஆயா, அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா. பின்னால் அந்தப் பெண். இடத்துக்கு ஏற்ப என்னையும் கூட்டிப் போவார், பம்புக்குத் தண்ணீர் ஊற்ற. வழியெல்லாம் வசவுதான். பள்ளத்தில் வண்டி இறங்கினால் பின்சீட்டிலிருந்து, "யோவ், கண்ணு அவிஞ்சா போச்சு, மெதுவா போயேன்யா" என்று வரும். மெதுவாகப் போனால், "மாட்டு வண்டியா ஓட்டுற, அழுத்துய்யா" என்று வரும். அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டுவார். ஒருத்தி மாமண்டூர் தாண்டுவதற்குள் பெற்றுவிட்டாள். அந்தப் பையனை இன்றும் நாங்கள் பிளஷரு என்றுதான் கூப்பிடுகிறோம். அவன் இப்போது ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை செய்கிறான்.

உங்கள் வீட்டுக்கும் எங்கள் பியட் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் வீட்டு ஆள் எங்கள் காலனிக்கு ஓடி வந்தான். மோரிஸ் கொட்டகையில்தான் நின்றது, கெட்டுப்போகவில்லை. அதன் கதவு இரண்டுதான், அதுதான் காரணம். அம்மா, "போவாதய்யா" என்றாள். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு போனார். பெரிய வீட்டு வாசலில் உங்கள் அப்பா எங்கள் பியட்டின் பின்கதவைத் தன் கையால் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். உங்கள் அக்கா நல்லபடியாகப் பெற்றார். அவர் இருக்கிறார். கேட்டுப் பாருங்கள்.

இப்போது, உங்கள் வண்டியைப் பற்றி நீங்கள் யூடியூபில் போட்டிருக்கும் வீடியோவுக்கு வருகிறேன். எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி அதில், "என் மூணு புள்ளையும் பிளஷர்லதான் போயி பெத்தேன் சாமி" என்கிறாள். அந்தச் சொல்லுக்குக் கீழே உங்கள் மோரிஸின் படத்தை ஓடவிட்டிருக்கிறீர்கள். நான் அவளிடம் போய்க் கேட்டேன். அடிக்க வந்தாள்.

"நான் உங்கப்பன் பிளஷரத்தாண்டி சொன்னேன்! அவன் வந்தான், ஆயா, நீ எதுல போனேன்னான், பிளஷர்லன்னேன். அவன் மைனரக் கேட்டான்னு எனக்கு இன்னாத் தெரியும்? மைனர்ல ஏத்துவாங்களாடி நம்மள? உனக்கு இன்னா மூள கலங்கிப்போச்சா?"

அவள் சொன்ன சொல் அவளுடைய தெருவின் சொல். அதை உங்கள் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வேறொருவர் செய்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று விட்டிருப்பேன். உங்களை விட முடியாது. நீங்கள் அந்தப் பின்சீட்டில் இருந்தீர்கள்.

ஊரில் உங்கள் குடும்பத்தின் பேரில் பிரசவத்துக்கு வரும் பெண்கள் காத்திருக்க ஒரு கூடம் கட்டுகிறீர்கள். நல்ல காரியம். அதன் முன்னால் கண்ணாடி அறையில் மோரிஸை நிறுத்தி, கல்வெட்டு வைக்கப் போவதாகவும் மைக்கில் சொன்னீர்கள். ஊர், காலனி வித்தியாசம் பார்க்காமல் எல்லாத் தாய்மாரையும் சுமந்த வண்டி என்று அதில் எழுதுவார்களாம்.

அன்று கூட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது அப்பா முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தார். ஈ.சி.ஆர். ரோட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் வழியில் திரும்பினோம். பிறகு கேட்டார், "நம்ம வண்டியச் சொல்லலியா அவன்?"

"இல்ல நைனா. மைனர்ல ஏத்திகினு போனதா சொல்றான். கல்லுல எழுதப் போறானாம்."

வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எல்லாரையும் மைனர்ல ஏத்திகினு போனான்னு எழுதிட்டா, அப்ப என் தங்கச்சி எதுல போனான்னு எழுதுவான்?"

கியர் சிக்கிக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, மூடியைத் திறந்து கம்பியைத் தட்டினேன். தட்டிக்கொண்டே அழுதேன். மூடி திறந்திருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்த பியட்டில்தான் அத்தையின் கல்லறைக்குப் போகிறோம். பின்சீட்டில் பூவும் மெழுகுவர்த்தியும் வைப்போம், யாரும் உட்கார மாட்டோம். அவளுக்கு அதில் ஏறக் கிடைக்கவில்லை. இப்போது உங்கள் கல்வெட்டு வந்தால் அவள் செத்ததற்கும் காரணம் இல்லாமல் போகும். எல்லாரையும் ஏற்றிய வண்டி ஊரில் இருந்தபோது ஒருத்தி ஏன் கரும்பு லாரியில் செத்தாள் என்று நாளைக்கு யாராவது கேட்டால், அவள் வீட்டார் போய்க் கேட்கவே இல்லை போலிருக்கிறது என்று சொல்வார்கள். என் அப்பா கேட்டார். கழுவிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கேட்டார்.

எங்கள் பியட்டைக் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்லவில்லை. அது ஓடுகிற வண்டி, ஓடட்டும். உங்கள் மோரிஸை நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் கதவைத் திறந்து வைத்து, முன்சீட்டை மடக்கி நிறுத்துங்கள். வருகிறவர்கள் அந்தச் சந்தைப் பார்க்கட்டும்.

கூடத்தின் திறப்பு விழாவுக்கு மேடை போடுவீர்கள், மைக் இருக்கும். நான் அப்பாவை அழைத்துக்கொண்டு வருவேன், முதல் வரிசையில் உட்கார வைப்பேன். அவருக்குக் காது மந்தம், சத்தமாகப் பேசுங்கள். என்னிடம் தனியாக வந்து சமாதானம் பேச வேண்டாம், போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். பொய்யை மைக்கில் சொன்னீர்கள், பதிலையும் மைக்கில் சொல்லுங்கள். உங்கள் அப்பா முன்சீட்டை மடக்கிக் காட்டிய அன்று, கையில் முறுக்கோடு அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானா, இல்லையா?